ஆகஸ்ட் 25இல என்ன நடந்தது? பிள்ளையள் அடிக்கடி கேக்கிற கேள்வியள்

இது எங்கட வாசிகசாலைக்கு வாற பிள்ளையளுக்காக எழுதினது. ஒட்டுசுட்டான், கற்சிலைமடு, முத்தையன்கட்டு பக்கத்துப் பொடியள் பெட்டையள் பின்னேரத்தில வருவினம், நாங்கள் ஒரு திகதியைத் தெரிஞ்செடுத்து அண்டைக்கு உலகத்தில என்னென்ன நடந்தது, ஆர் ஆர் பிறந்தது எண்டு மட்டையில எழுதி ஒட்டுவம், காலைப் பிரார்த்தனையில வாசிக்கிறதுக்கும் அது உதவும். ஆகஸ்ட் 25க்குப் போட்ட மட்டைக்குத்தான் கேள்வி கூட வந்தது. சிலது பிள்ளையள் கேட்டது, சிலது தாய் தகப்பன் கேட்டது, எல்லாத்தையும் கீழ போட்டிருக்கிறன்.

365 நாள் இருக்க ஏன் ஆகஸ்ட் 25?

முதல் காரணம் பண்டாரவன்னியன், வெள்ளைக்காரரோட சண்டை பிடிச்ச வன்னித் தலைவர். முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச நாள் இது. வேற ஊர்ப் பிள்ளையளுக்கு இது ஏதோ ஒரு திகதி, எங்களுக்கு சைக்கிளில போய்ப் பாத்திட்டு வரக்கூடிய தூரத்தில நடந்த சரித்திரம். அதோட தேடிப் பாத்தால் கலிலியோ, வொயேஜர், ஆம்ஸ்ட்ரோங், விஜயகாந்த் எண்டு எல்லாரும் வந்து ஒரே வரிசையில நிக்கினம். நாள் புத்தகங்களில கொழும்பும் லண்டனும்தான் இருக்கும், வன்னி இருக்காது, அதால நாங்களே எழுதிச் சேர்த்தம்.

அண்டைக்குப் பண்டாரவன்னியன் என்ன செய்தவர், சுருக்கமாச் சொல்லுங்கோ?

சுருக்கமாச் சொன்னால் விளங்காது, கொஞ்சம் பின்னால இருந்து வாறன். 1803ஆம் ஆண்டு. கரையோரம் எல்லாம் பிரிட்டிஷ்காரரிட்ட, ஒல்லாந்தரிட்ட இருந்து அவை பிடிச்சு ஏழெட்டு வருசம்தான். கண்டி மட்டும் தனி இராச்சியம், அங்க ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ராசா. வன்னியில வன்னியர்மார் எண்ட உள்ளூர்த் தலைவர்மார், அவையை முழுசா அடக்கி வரி வாங்கிறது ஒல்லாந்தருக்கும் பெரிய தலையிடியாத்தான் இருந்தது. அந்த வருசம் ஜூன் மாதம் கண்டிக்குள்ள போய் இருந்த பிரிட்டிஷ் படை அழிஞ்சு போச்சுது, அந்தச் செய்தி பரவ, தீவில பல பக்கத்திலயும் வெள்ளைக்காரற்ற காவல் இடங்களுக்கு அடி விழத் தொடங்கீட்டுது. இந்த நேரத்திலதான் ஆகஸ்ட் 25 பண்டாரவன்னியன்ர ஆக்கள் முல்லைத்தீவைத் தாக்கினவை. உள்ளுக்க இருந்த படையால நிண்டுபிடிக்க ஏலேல்ல, வள்ளத்தில ஏறி யாழ்ப்பாணத்துக்குப் போட்டுது. கோட்டை பண்டாரவன்னியன்ர கையில.

கடலுக்குப் பக்கத்தில கோட்டையைக் கட்டினது ஏன் எண்டு இதில விளங்கும் பாருங்கோ. காட்டுப் பக்கத்தால அடி வந்தால் கடலால தப்பிப் போகலாம். காடு அவைக்குத் தெரியாது, எங்கட ஆக்களுக்கு அது வீட்டு முத்தம்.

பிறகு அந்தக் கோட்டை அவரிட்டயே இருந்ததோ?

இல்லை. ரெண்டு மாதம் கொஞ்சம் கூடத்தான். அதே வருசம் ஒக்ரோபர் 31 கற்சிலைமடுவில கப்டன் வொன் ட்ரிபேர்க் எண்ட அதிகாரியின்ர படையிட்ட அவர் தோத்துப்போனார். அந்த இடத்திலதான் நினைவுக்கல்லு இருந்தது, இந்த இடத்துக்குக் கிட்ட இன்ன திகதி இன்ன அதிகாரி பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சான் எண்டு இங்கிலிசில எழுதினது. வெண்டவன் வச்ச கல்லு, அதால முதல் பேர் ட்ரிபேர்க்கின்ர பேர். சனம் பிறகு என்ன செய்தது எண்டால், தோத்த நாளை விட்டிட்டு வெண்ட நாளைப் பிடிச்சுக்கொண்டுது, ஆகஸ்ட் 25ஐ வெற்றி நாளாக் கொண்டாடுகினம். வவுனியா ரவுணில நிக்கிற சிலையைப் பஸ்ஸில போகேக்க கனபேர் பாத்திருப்பியள், அது அவர்தான்.

மட்டை எழுதேக்க ரெண்டு திகதியையும் எழுதுங்கோ. வெண்டதை மட்டும் எழுதி மற்றதை மறைச்சால் அது சரித்திரம் இல்லை, பேச்சுப்போட்டி.

காக்கை வன்னியன் காட்டிக்குடுத்ததாலதானே தோத்தவர்? எங்கட அம்மம்மா அப்பிடித்தான் சொல்லுறவா.

அம்மம்மா சொன்னது நாடகத்திலயும் கூத்திலயும் வாற கதை, கேக்க நல்ல கதை, மேடையில பாத்தால் கண் கலங்கும். ஆனால் ஒண்டைக் கவனியுங்கோ. காக்கை வன்னியன் எண்டு ஒரு ஆள் யாழ்ப்பாணத்து ராசா சங்கிலியனைப் பறங்கியருக்குக் காட்டிக்குடுத்தான் எண்டும் ஒரு பழைய கதை இருக்கு. அது போர்த்துக்கேயர் காலம், 1803க்கு ஏறக்குறைய இருநூறு வருசம் முந்தி. ஒரே ஆள் ரெண்டு காலத்திலயும் இருக்க ஏலாது. துரோகிக்கு ஒரு பேர் தேவைப்பட்ட இடத்தில அந்தப் பேர் வந்து ஒட்டியிருக்கலாம் எண்டு நான் நினைக்கிறன், அது என்ர கருத்து. அம்மம்மாவோட போய்ச் சண்டை பிடிக்கவேண்டாம், கதையைக் கேளுங்கோ, மட்டையில மட்டும் எழுதாதையுங்கோ.

கலிலியோ ஆகஸ்ட் 25இல தொலைநோக்கியைக் கண்டுபிடிச்சவரோ?

கண்டுபிடிக்கேல்ல. இதைக் கனபேர் பிழையா எழுதுகினம். 1608இல ஒல்லாந்து நாட்டில ஒரு கண்ணாடிக்காரர், ஹான்ஸ் லிப்பர்ஹே, அப்பிடி ஒரு கருவிக்கு உரிமை கேட்டு விண்ணப்பிச்சவர். அந்தக் கதை காதில விழ, கலிலியோ தானே கண்ணாடி வில்லையைத் தேய்ச்சு அதைவிடத் திறமான ஒண்டைச் செய்து 1609 ஆகஸ்ட் 25 வெனிஸ் நகரத்துப் பெரிய ஆக்களுக்குக் காட்டினார் எண்டுதான் நாட்குறிப்புகளில போடுறது. எட்டு மடங்குபோலப் பெரிசாக் காட்டுற சாமான். அவையள் கோபுரத்தில ஏறி நிண்டு கடலைப் பாத்தவை, நட்சத்திரத்தைப் பாக்கேல்ல. வெறுங்கண்ணுக்குத் தெரிய இன்னும் ரெண்டு மணித்தியாலம் எடுக்கிற கப்பல் இதுக்குள்ளால இப்பவே தெரியுது! வெனிஸ் கடல் யாவாரத்திலயும் கடல் சண்டையிலயும் வாழுற ஊர், உடன கலிலியோவின்ர சம்பளத்தைக் கூட்டிப்போட்டினம்.

வானத்துக்குத் திருப்பினது பிறகு. 1610 ஜனவரியில வியாழனைப் பாத்தால் பக்கத்தில நாலு சின்னப் புள்ளி, ஒவ்வொரு இரவும் இடம் மாறுது. ஐயோ, யூரோப்பா, கனிமீட், கலிஸ்டோ. பூமியைச் சுத்தாமல் வேற ஒண்டைச் சுத்துற சாமான் வானத்தில இருக்கு எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சது. எங்கட பக்கம் இரவில வெளிச்சம் குறைவுதானே, நல்ல பைனாகுலர் ஒண்டை ஆடாமல் வேலிக் கட்டையில வச்சுப் பிடிச்சால் நீங்களும் அந்த நாலையும் பாக்கலாம், கொழும்புப் பிள்ளையளுக்கு இது கஷ்டம்.

ஹேர்ஷல் எண்டவர் ஆர்? மட்டையில அவற்ற பேருக்குக் கீழ யுரேனஸ் படம் இருக்கு.

வில்லியம் ஹேர்ஷல். ஜேர்மனியில பிறந்து இங்கிலாந்துக்குப் போய் சங்கீதம் படிப்பிச்சு, தேவாலயத்தில ஓர்கன் வாசிச்சுச் சீவிச்சவர். இரவில வீட்டு வளவுக்குள்ள தானே செய்த தொலைநோக்கியோட நிப்பார், தங்கச்சி கரோலின் பக்கத்தில இருந்து எழுதுவா (அவா பிறகு தானே கனக்க வால்வெள்ளி கண்டுபிடிச்சவா, அவாவுக்குத் தனியா ஒரு மட்டை போடவேணும்). 1781 மார்ச் 13 இவர் ஒரு புதுக் கிரகத்தைக் கண்டார், அதுதான் யுரேனஸ். இறந்தது 1822 ஆகஸ்ட் 25, வயது 83. யுரேனஸ் சூரியனை ஒருக்காச் சுத்த 84 வருசம் எடுக்கும். அவர் பிறந்து கண்மூடுறதுக்குள்ள அவற்ற கிரகம் ஒரு சுத்து முடிக்கிறதுக்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

சந்திரனில வௌவால் மனிசர் இருந்தவை எண்டு மட்டையில எழுதிக் கிடக்கு, இது உண்மையோ?

சுத்தப் பொய். அதுக்காகத்தான் போட்டது! 1835 ஆகஸ்ட் 25 நியூயோர்க்கில ஒரு பேப்பர் ஒரு தொடர் தொடங்கினது, ஆறு பகுதி. தென்னாபிரிக்காவில இருந்து ஒரு பெரிய விஞ்ஞானி புதுத் தொலைநோக்கியால சந்திரனைப் பாத்தவராம், அங்க காடு இருக்காம், ரெண்டு காலில நடக்கிற பீவர் மாதிரி மிருகம் இருக்காம், சிறகு வச்ச வௌவால் மனிசர் இருக்கினமாம். சனம் விழுந்தடிச்சு வாங்கினது. விஞ்ஞானியின்ர பேர் எண்டு போட்டது ஜோன் ஹேர்ஷல், இப்ப சொன்ன வில்லியம் ஹேர்ஷலின்ர மகன். அவர் உண்மையிலயே அந்த நேரம் தென்னாபிரிக்காவில நட்சத்திரம் பாத்துக்கொண்டுதான் இருந்தவர், ஆனா இந்தக் கதையில ஒரு சொல்லும் அவர் சொல்லேல்ல. உண்மையான ஆள், உண்மையான ஊர், நடுவில பொய். போனில ஃபோர்வேட் பண்ணி வாற செய்தியளும் இப்பிடித்தான் செய்யிறது, டொக்டர் இன்னார் சொன்னார் எண்டு தொடங்கும்.

வொயேஜர் எண்டால் ரொக்கெட்டோ?

ரொக்கெட் ஏத்திக்கொண்டு போய் விட்ட விண்கலம், ஆள் இல்லாதது. ரெண்டு இருக்கு, ரெண்டும் 1977இல போனது, ரெண்டுக்கும் ஆகஸ்ட் 25இல ஒவ்வொரு கதை.

வொயேஜர் 2இன்ர கதை 1989. பன்னிரண்டு வருசமா ஓடி அண்டைக்குத்தான் நெப்டியூனுக்குக் கிட்டப் போனது, மேக மட்டத்தில இருந்து 5000 கிலோமீற்றருக்கும் கொஞ்சம் குறைவான உயரத்தில வடதுருவத்துக்கு மேலால. அதுக்கு முந்தி நெப்டியூன் எண்டால் தொலைநோக்கியில ஒரு நீலப் பொட்டு மட்டும்தான். படம் வரேக்கதான் பெரிய கறுப்புப் புயல் ஒண்டு தெரிஞ்சது, ட்ரைற்றன் எண்ட அதின்ர நிலவில நைதரசன் வாயு ஊத்து மாதிரிச் சீறுது, அதுவும் மைனஸ் 235 பாகை குளிரில. அதுக்குப் பிறகு இண்டைவரைக்கும் ஒரு விண்கலமும் நெப்டியூனுக்குப் போகேல்ல. புத்தகத்தில நீங்கள் பாக்கிற கிட்டத்து நெப்டியூன் படம் எல்லாம் அந்த ஒரு பயணத்தில எடுத்தது.

அது அமெரிக்காவில 24ஆம் திகதி எல்லோ, நெற்றில அப்பிடி இருக்கு?

கெட்டிக்காரப் பிள்ளை, நல்லாக் கவனிச்சிருக்கிறீங்கள். கிட்டப் போன நேரம் கலிபோர்னியாவில 24ஆம் திகதி இரவு ஒன்பது மணியடியில, இங்க 25ஆம் திகதி காலமை ஒன்பதரையடியில. அதைவிட, அந்தத் தகவல் வானொலி அலையா பூமிக்கு வர நாலு மணித்தியாலம் எடுத்தது, அப்ப கலிபோர்னியாவிலயும் 25 பிறந்திட்டுது. வானத்தில நடக்கிறதுக்குத் திகதி போடேக்க எந்த ஊர் மணிக்கூடு எண்டு கேக்கவேணும். நாங்கள் எங்கட மணிக்கூட்டைத்தான் பாக்கிறம்.

வொயேஜர் 1இன்ர கதை என்ன?

2012 ஆகஸ்ட் 25 அது சூரியன்ர காத்து அடிக்கிற எல்லையைத் தாண்டி நட்சத்திரங்களுக்கு இடையில இருக்கிற வெளிக்குள்ள போனது. மனிசன் செய்த சாமான் ஒண்டு அங்க போனது அதுதான் முதல் தரம். ஆனால் அண்டைக்கு ஒருத்தருக்கும் தெரியாது! வந்த தரவுகளைப் பாத்துக் கணக்குப் போட்டு, 2013 செப்டெம்பரிலதான் நாசா அறிவிச்சது, போன வருசம் ஆகஸ்ட் 25 தாண்டீட்டுது எண்டு.

இப்ப அது 2400 கோடி கிலோமீற்றருக்கு அங்கால. அங்க இருந்து ஒரு தகவல் வர 22 மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும். ஓடுற வேகம் செக்கனுக்கு 17 கிலோமீற்றர், அந்த வேகத்தில மாங்குளத்தில ஏறினால் மூண்டு செக்கனில முல்லைத்தீவு, பஸ் கொண்டக்டர் ரிக்கெற் கிழிக்கவும் நேரம் காணாது.

இன்னொண்டு, சந்திரனில முதல் கால் வச்ச நீல் ஆம்ஸ்ட்ரோங் 82 வயசில செத்ததும் அதே 2012 ஆகஸ்ட் 25தான். ஒண்டுக்கொண்டு தொடர்பு இல்லை, தற்செயல். ஆனாலும் இதைச் சொல்லேக்க சத்தம் போட்டுக்கொண்டிருந்த பொடியளும் ஒருக்காத் திரும்பிப் பாப்பினம்.

வொயேஜரில ஒரு தங்கத் தட்டு இருக்காம், அதில தமிழ் இருக்கோ?

இல்லை. தங்கப் பூச்சுப் பூசின செப்புத் தட்டு அது, வேற உலகத்தில ஆரும் எடுத்தால் கேக்கட்டும் எண்டு 55 மொழியில வணக்கம் சொல்லி, பாட்டு, மழைச் சத்தம், படங்கள் எல்லாம் வச்சிருக்கினம். தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, சிங்களம் இருக்கு, தமிழ் இல்லை. இதைக் கேட்டால் எல்லாப் பிள்ளையளுக்கும் கோவம் வரும், எனக்கும் வந்ததுதான். கெதியில செய்து முடிச்ச வேலை, பக்கத்தில இருந்த பல்கலைக்கழகத்தில எந்தெந்த மொழி பேசுற ஆக்கள் அகப்பட்டினமோ அவையைக் கூப்பிட்டுப் பதிவு செய்திருக்கினம். வேணுமெண்டு விட்டது எண்டு முகநூலில எழுதிறதை நம்பாதையுங்கோ. எங்கட பிள்ளையளிட்ட நான் கேட்டன், நீங்கள் எண்டால் என்ன சொல்லி அனுப்புவியள் எண்டு. கனபேர் வணக்கம் எண்டிச்சினம், ஒருத்தி "சாப்பிட்டீங்களோ" எண்டு கேக்கலாம் எண்டாள். எனக்கு அதுதான் பிடிச்சது.

அண்டைக்குப் பிறந்த தமிழ் ஆக்கள் ஆர்?

ரெண்டு பேர், ரெண்டும் பெரிய ஆக்கள். திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள், பிறந்தது 1906 ஆகஸ்ட் 25, வேலூருக்குக் கிட்ட காங்கேயநல்லூர். பள்ளிக்கூடம் போகேல்ல, தகப்பன்தான் வீட்டில வச்சுத் தமிழும் சங்கீதமும் படிப்பிச்சது. கதை சொல்லுறதெண்டால் அவர் மாதிரி ஆள் இல்லை, நடுவில சபையில இருக்கிற சின்னப் பிள்ளையளிட்டக் கேள்வி கேப்பார், சரியாச் சொன்னால் பரிசு. கோயில் திருவிழாக்களில அவற்ற பிரசங்கக் கசெற் ஸ்பீக்கரில போட்டுக் கேட்ட சந்ததி இப்பவும் எங்கட ஊரில இருக்கு, உங்கட அப்பப்பாவைக் கேட்டுப் பாருங்கோ. 1993 நவம்பர் 7 லண்டனில இருந்து திரும்பி வரேக்க விமானத்திலயே கண்ணை மூடீட்டார்.

மற்றவர் விஜயகாந்த். 1952 ஆகஸ்ட் 25, மதுரைப் பக்கம், சொந்தப் பேர் விஜயராஜ். சினிமாவில கப்டன், 2005இல கட்சி தொடங்கி 2011இல தமிழ்நாட்டுச் சட்டசபையில எதிர்க்கட்சித் தலைவராவும் வந்தவர். 2023 டிசம்பர் 28 காலமானவர். படப்பிடிப்பில லைற் பிடிக்கிறவைக்கும் தனக்குப் போடுற அதே சாப்பாடுதான் போடவேணும் எண்டு நிண்ட மனிசன் எண்டு அவரோட வேலை செய்தவை எல்லாரும் சொல்லுகினம்.

வாரியாருக்குப் பக்கத்தில சினிமா நடிகற்ற படம் ஒட்டலாமோ? (ஒரு அப்பா கேட்டது)

ஒட்டலாம் ஐயா. நாள் புத்தகத்துக்கு உயர்வு தாழ்வு தெரியாது. விஜயகாந்தைப் பாக்க வாற பொடியன் பக்கத்தில இருக்கிற வாரியாரையும் வாசிச்சிட்டுத்தான் போறான், இதை நான் கண்ணால கண்டனான். வாரியாருக்கும் இதில கோவம் வராது, அவரே தன்ர பேச்சில சினிமாப் பகிடி விட்ட ஆள்.

வேற ஆர் பிறந்தது?

ஹான்ஸ் கிறெப்ஸ், 1900, ஜேர்மனி. ஏஎல் பயோ படிக்கிற அக்காமார் அண்ணாமாரிட்ட "கிறெப்ஸ் வட்டம்" எண்டு சொல்லிப் பாருங்கோ, முகம் சுருங்கும். நாங்கள் தின்னுற சோறு எப்பிடிக் கலத்துக்குள்ள சக்தியா மாறுது எண்ட ஒழுங்கைக் காட்டினவர் அவர்தான். யூதக் குடும்பம் எண்டதால 1933இல நாசியள் வேலையால நிப்பாட்ட, இங்கிலாந்துக்குப் போய் முதலில இருந்து தொடங்கினவர். 1937இல இந்த வட்டத்தைப் பற்றி எழுதின கட்டுரையைப் பேர்போன ஒரு சஞ்சிகை இடம் இல்லை எண்டு திருப்பி அனுப்பினது, வேறொண்டில போட்டார், 1953இல அதே வேலைக்கு நோபல் பரிசு. நாட்டை விட்டுப் போய் வேற மொழியில எழுந்து நிண்ட ஆக்களை எங்கட ஒவ்வொரு குடும்பத்திலயும் தெரியும்தானே, அதால இவரைக் கொஞ்சம் கூட எழுதினன்.

மற்றது ஜேம்ஸ் பொண்டா நடிச்ச ஷோன் கொனறி 1930, அமெரிக்காவின்ர இசைக்காரர் லெனர்ட் பேர்ன்ஸ்டைன் 1918. இவை போதும்.

செத்த ஆக்களையும் போட்டிருக்கு, சின்னப் பிள்ளையளுக்கு இது தேவையோ?

பிள்ளையளுக்கு இதில ஒரு பயமும் இல்லை, பயம் எங்களுக்குத்தான். ஃபரடேயைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. மைக்கல் ஃபரடே, இறந்தது 1867 ஆகஸ்ட் 25. கொல்லன்ர மகன், வீட்டில கஷ்டம், பதினாலு வயசடியில புத்தகம் கட்டுற கடையில வேலைக்கு விட்டிட்டினம். அவர் என்ன செய்தார், கட்டக் குடுத்த புத்தகங்களைக் கட்டுறதுக்கு முந்தி வாசிச்சார். அப்பிடித்தான் மின்சாரம் பற்றி அறிஞ்சது. பிறகு ஹம்ப்றி டேவி எண்ட பெரிய விஞ்ஞானியின்ர பேச்சைக் கேட்டு, குறிப்பெடுத்து, அதையே வடிவாப் புத்தகமாக் கட்டி அவருக்கு அனுப்பி, அவரிட்டயே வேலைக்குச் சேர்ந்தார். 1831இல காந்தத்தை அசைச்சால் கம்பிச் சுருளில மின்சாரம் வரும் எண்டு காட்டினார். பழைய சைக்கிளில சில்லோட முட்டுற டைனமோ இருக்குமே, அதுக்குள்ள இருக்கிறது அந்த விசயம்தான். கரண்ட் இல்லாத வருசங்களில வன்னியில டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஆக்களிட்டக் கேட்டால் ஃபரடேயின்ர அருமை சொல்லுவினம், பேர் தெரியாமலே.

ஜேம்ஸ் வாற்றும் இதே நாள்தான், 1819. நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடிச்சவர் இல்லை, ஏற்கெனவே இருந்ததை விறகு நிலக்கரி குறைய எரியிற மாதிரித் திருத்தினவர். பல்ப்பில 9 வாற்ஸ் எண்டு இருக்கிறது அவற்ற பேர்.

ஆகஸ்ட் 25இல விளையாட்டுக் கதை ஒண்டும் இல்லையோ?

இருக்கு, நீச்சல். கப்டன் மத்யூ வெப் எண்டவர் 1875 ஆகஸ்ட் 24 மத்தியானம் இங்கிலாந்தின்ர டோவரில குதிச்சு, 25 காலமை பிரான்சின்ர கலேயில கரையேறினவர். கிட்டத்தட்ட 22 மணித்தியாலம், உடம்பில எண்ணெய் பூசிக்கொண்டு, சொறிமுட்டை கடிக்கக் கடிக்க. மிதவை ஒண்டும் இல்லாமல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆள்.

எங்கட கடலிலயும் இந்தக் கதை இருக்கு. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல பாக்கு நீரிணையைப் போய் வர நீந்தினவர், 1984 ஆகஸ்ட் மாதம் அதே ஆங்கிலக் கால்வாயை நீந்தப்போய்த்தான் உயிரை விட்டார். அது ஆகஸ்ட் 6, அதால அவர் இந்த மட்டையில இல்லை, ஆகஸ்ட் 6க்குப் போடுவம். முல்லைத்தீவுப் பிள்ளையளுக்கு ஒரு சொல், நந்திக்கடலிலயோ கடலிலயோ தனியப் போய் இதைச் செய்து பாக்கிறதில்லை.

போனுக்கும் ஆகஸ்ட் 25க்கும் என்ன சம்பந்தம்?

1991இல பின்லாந்தில 21 வயசுப் பொடியன், லினஸ் ரோவால்ட்ஸ், நான் பொழுதுபோக்குக்கு ஒரு இயங்குதளம் எழுதுறன், பெருசா ஒண்டும் வராது, ஆருக்கும் என்ன வேணும் எண்டால் சொல்லுங்கோ எண்டு நெற்றில ஒரு கடிதம் போட்டவர். அதுதான் லினக்ஸ். உங்கட அம்மாவின்ர அன்ட்ரொயிட் போன் அடியில ஓடுறது அதுதான், உலகத்தில முதல் 500 சூப்பர் கொம்பியூட்டரிலயும் ஓடுறது அதுதான். காசு குடுக்கத் தேவையில்லை, ஆரும் திறந்து பாக்கலாம், திருத்தலாம்.

சண்டை, சுதந்திரம் எண்டு ஒண்டும் இல்லையோ?

பரிஸ் நகரம் ஜேர்மன் படையிட்ட இருந்து விடுபட்டது 1944 ஆகஸ்ட் 25. உருகுவே சுதந்திரம் அறிவிச்சது 1825 ஆகஸ்ட் 25, முதல் உலகக்கிண்ண ஃபுட்போல் 1930இல நடந்த நாடு, வெண்டதும் அவைதான்.

ஒரே நாளில இவ்வளவு பெரிய ஆக்கள் எண்டால் அந்த நாள் விசேசமோ? சாதகக்காரர் அப்பிடித்தான் சொல்லுவினம்.

எந்த நாளைத் தோண்டினாலும் இவ்வளவு வரும். நாங்கள் வானத்துக் கதையளைப் பிடிச்சு வச்சதால இது வானத்து நாள் மாதிரித் தெரியுது, சமையல் பிடிச்ச ஆள் தேடினால் சமையல் நாளா வரும்.

இதை வகுப்பில செய்து பாருங்கோ. 23 பிள்ளையள் இருந்தால், அதில ரெண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாளா இருக்கிறதுக்கு பாதிக்கு மேல சந்தர்ப்பம் இருக்கு. 40 பேர் எண்டால் பத்துக்கு ஒன்பது மட்டில. நம்ப ஏலாமல் இருக்கும், ஏனெண்டால் நாங்கள் என்னோட ஆர் ஒத்துப்போறது எண்டு மட்டும்தான் யோசிப்பம். 23 பேரை ரெண்டு ரெண்டாச் சோடி சேர்த்தால் 253 சோடி வரும், அந்த ஒவ்வொரு சோடிக்கும் ஒரு சந்தர்ப்பம். எங்கட வாசிகசாலையில பாத்தம், ரெண்டு சோடி வந்தது, ஒரு சோடி ஏற்கெனவே கோவத்தில கதைக்காமல் இருந்த ரெண்டு பேர்.

நான் பிறந்த நாளுக்கு நானே மட்டை செய்யலாமோ?

செய்யுங்கோ. முதல் உங்கட ஊரில இருந்து தொடங்குங்கோ, அந்தத் திகதியில குளம் கட்டி முடிஞ்சதோ, பள்ளிக்கூடம் திறந்ததோ எண்டு அதிபரிட்டயும் கோயில் ஐயாவிட்டயும் வயசு போன ஆக்களிட்டயும் கேளுங்கோ. பிறகு உலகம். ஒரு விசயத்தை ரெண்டு இடத்தில ஒத்துப் பாருங்கோ, ஒரே பிழையை நாலு பக்கம் கொப்பி அடிச்சு வச்சிருக்கும், அதை நாலு சாட்சி எண்டு எண்ணக்கூடாது.

பழைய காலத்து ஆக்கள் எண்டால் இன்னும் கவனம். 1582இல ஐரோப்பாவில கலண்டரைத் திருத்தினவை, ஒக்ரோபர் 4க்கு அடுத்த நாள் ஒக்ரோபர் 15. இங்கிலாந்து அதை 1752இலதான் ஏத்தது. ரஷ்யாவின்ர கொடூர இவான் 1530 ஆகஸ்ட் 25 பிறந்தவர் எண்டு போடுறது பழைய கலண்டரால, இப்பத்தையக் கணக்கில அது செப்டெம்பருக்குள்ள போயிடும், அதுதான் அவரைப் பிறந்தநாள் வரிசையில சேர்க்கேல்ல. எங்கட பஞ்சாங்கத்தில ஆகஸ்ட் 25 ஆவணி எட்டு, ஒன்பது மட்டில வரும், அதையும் மட்டையின்ர மூலையில எழுதினால் அம்மம்மாவுக்குச் சந்தோசம்.

நான் பிறந்தது பெப்ரவரி 29. எனக்கு மட்டை இல்லையோ?

உங்களுக்குத்தான் நல்ல மட்டை. இந்தியாவின்ர பிரதமரா இருந்த மொரார்ஜி தேசாயும் அண்டைக்குத்தான், 1896. நாலு வருசத்துக்கு ஒருக்கா வரும் எண்டு பாத்தால் 1900 வரவேணும், ஆனால் நூறால பிரிபடுற வருசம் நானூறாலயும் பிரிபட்டால்தான் லீப் வருசம், 1900 பிரிபடாது. அதால அவருக்கு முதல் பெப்ரவரி 29 வந்தது 1904இல, எட்டு வயசில. நீங்கள் நாலு வருசம் பொறுத்தால் காணும்.